வலப்பக்கம் இருந்த தொண்ணூற்றெட்டு

பல மாதங்களுக்குப் பிறகு நகரம் நிம்மதியாகத் தூங்கிய ராத்திரி அது. சின்னவள் மட்டும் போர்வைக்குள் புரண்டுகொண்டிருந்தாள்.

முதலில் சந்தோஷத்தில்தான் தூக்கம் வரவில்லை. விடிந்தால் தெருமுனைத் தடுப்பை எடுக்கப்போகிறார்கள். அந்தத் தகரத் தடுப்புக்குப் பின்னால் தெருவே அடைபட்டுக் கிடந்தது. பால் பாக்கெட்டிலிருந்து பாடப்புத்தகம் வரை எல்லாமே அதற்கு மேலாகக் கைமாறித்தான் உள்ளே வந்தன. நோய் உச்சத்தில் இருந்தபோது, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காமல் ஒருவேளைச் சாப்பாடு முடிந்தால் அதிசயம். இப்போது எங்கேயாவது ஒன்று கத்தினால், ஜன்னலைத் திறந்து ‘யாருக்காம்?’ என்று கேட்கிறார்கள். அவ்வளவு அபூர்வமாகிவிட்டது.

அதில் தனக்கும் ஒரு துளிப் பங்கு உண்டு என்பதுதான் சின்னவளின் சந்தோஷம். ‘வீட்டுக்கு ஒருவர் வாருங்கள்’ என்று நகராட்சி ஒலிபெருக்கி கட்டித் தெருத் தெருவாகக் கூப்பிட்டபோது, அந்தத் தெருவில் முதலில் கை தூக்கியது அவள்தான். அம்மா குதித்தாள்.

“வீட்டுக்கு ஒருத்தர்னுதானே கேக்கறாங்க? உங்கப்பா நாள் பூரா நோயாளிங்களை வேன்ல ஏத்தி இறக்கறாரே, அது கணக்குல வராதா? மொத்தக் குடும்பத்தையும் தாரை வாக்கணுமா?”

“பள்ளிக்கூடமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா உக்காந்து சுவத்தையே பாத்துட்டிருக்கு. போகட்டும் விடேன்” என்று அப்பா சொல்லிவைத்தார். அதற்குத் தண்டனையாக அம்மா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. பாத்திரங்களோடு மட்டும் பேசினாள், அதுவும் உரக்க.

அப்பாவினுடையது ஸ்கூல் வேன். பள்ளிகளை மூடியதும் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டிலைப் போட்டு, ஓட்டுநருக்குப் பின்னால் கனத்த பிளாஸ்டிக் திரை தைத்து, நோயாளிகளை ஏற்றிப் போகும் வண்டியாக மாற்றிக் கொடுத்திருந்தார்கள். தெருமுனைத் தடுப்பு அதற்கு மட்டும்தான் திறக்கும். பக்கவாட்டில் ஒட்டியிருந்த முயல்குட்டிப் படத்தை மட்டும் யாரும் கிழிக்கவில்லை. சின்னவளுக்குக் கிடைத்த வேலை அதைவிடச் சின்னது. நோய் வந்து வீட்டிலேயே தனியாக இருப்பவர்களின் ஜன்னலுக்குச் சாயங்காலம் போய், விரலில் மீட்டரை மாட்டி, எண்ணைப் பார்த்து, மருந்துக்கடை அண்ணனுக்குச் சொல்ல வேண்டும். அண்ணன்தான் அந்தத் தெருவின் தொண்டர் குழுவுக்குத் தலைவர்.

மீட்டர் என்றால் பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. துணி காயப்போடும் கிளிப் மாதிரி விரலைக் கவ்வுகிற சின்னப் பெட்டி. மேலே இரண்டு சிவப்பு எண்கள் எரியும். இடப்பக்கம் ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன். வலப்பக்கம் நாடித்துடிப்பு. ஆக்சிஜன் தொண்ணூற்று நாலுக்குக் கீழே இறங்கினால் அண்ணனைக் கூப்பிட வேண்டும். தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி. அவ்வளவுதான் பாடம். சின்னவள் அதைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

தெருவில் மிச்சமிருந்த கடைசி நோயாளி லிஃப்ட் மாமா. அடுக்குமாடிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். கல்யாணம், குடும்பம் ஒன்றும் இல்லை. தரைத்தளத்தில் ஒற்றை அறை. தெருப்பிள்ளைகள் எல்லோருக்கும் மாமா, ஆனால் உறவென்று அவருக்கு யாரும் இல்லை. அன்று சாயங்காலம் அவருக்குத் தொண்ணூற்றெட்டு என்று சின்னவள் சொன்னதும் அண்ணன் குழுவில் குரல்செய்தி போட்டுவிட்டார்: “நம்ம தெருவுல கடைசி ஆளும் தேறிட்டாருப்பா. லிஃப்ட் மாமாவுக்குத் தொண்ணூத்தெட்டு! காலையில தடுப்பைத் தூக்கறோம். சின்னப் பொண்ணுக்கு எல்லாரும் ஒரு கைதட்டு போடுங்க.”

ஜன்னலுக்கு ஜன்னல் எழுந்த அந்தக் கைதட்டைத்தான் போர்வைக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டபடியே மாமாவின் ஜன்னலில் நடந்ததை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள், இனிப்பைச் சப்பிச் சாப்பிடுவதுபோல, மெதுவாக.

மாமா ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டினார். “வாங்க டாக்டரம்மா. இன்னிக்கு நான் மேலயா கீழயா?”

“பேசாம இருங்க மாமா. பேசினா நம்பர் ஆடும்.”

அவள் மீட்டரை மாட்டிப் பட்டனை அமுக்கினாள். எண் நிலைக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் மாமாவின் கட்டைவிரல் சும்மா இருக்கவில்லை. மீட்டரின் பட்டனை இன்னொரு தரம் அமுக்கியது.

“மாமா!”

“பழக்கதோஷம்மா. பட்டனைப் பாத்தா அமுக்கணும். அமுக்காம விட்டா எனக்குச் சம்பளம் யாரு தருவா?”

எண்கள் ஒருமுறை சிமிட்டிவிட்டு எரிந்தன. முகக்கவசத்துக்குள் விட்ட மூச்சில் அவளுடைய கண்ணாடி பனி பிடித்திருந்தது. பனிக்கு நடுவே சிவப்பாகத் தொண்ணூற்றெட்டு தெரிந்தது. வேறென்ன வேண்டும்? “தொண்ணூத்தெட்டு மாமா!” என்று கத்தினாள். அவர் சிரித்தார். சிரித்ததும் இருமல் வந்தது. இருமல் எல்லோருக்கும்தான் வருகிறது.

பக்கத்தில் இன்னொரு எண் இருந்ததே, அது என்ன?

நூற்றொன்று. நாடித்துடிப்பு நூற்றொன்று. கொஞ்சம் அதிகம்தான், ஆனால் ஒன்றும்—

சின்னவள் புரள்வதை நிறுத்தினாள்.

நூற்றொன்று இடப்பக்கம் இருந்தது. தொண்ணூற்றெட்டு வலப்பக்கம் இருந்தது.

இடப்பக்கம்தான் ஆக்சிஜன். ஆக்சிஜன் நூற்றைத் தாண்டவே தாண்டாது. உலகத்தில் எந்த மனிதனுக்கும் நூற்றொன்று கிடையாது.

எழுந்து உட்கார்ந்து, தலைமாட்டுப் பையைத் துழாவி மீட்டரை எடுத்தாள். ஜன்னலில் நோயாளிகள் நீட்டுவதுபோல, நுனி தன் பக்கம் இருக்க, தன் விரலிலேயே மாட்டினாள். இடப்பக்கம் தொண்ணூற்றெட்டு. மாமா அமுக்கியதுபோலவே பட்டனை இன்னொரு தரம் அமுக்கினாள்.

எண்கள் சிமிட்டின. மொத்தமாகத் தலைகீழாகத் திரும்பின. மாட்டியிருக்கிறவரே படிக்க வசதியாகத் திருப்பிக் காட்டுகிற ஏற்பாடு அது. யாரும் அவளுக்குச் சொன்னதில்லை, அவளும் அமுக்கிப் பார்த்ததில்லை. இடப்பக்கம் இருந்த தொண்ணூற்றெட்டு இப்போது வலப்பக்கம் இருந்தது. ஆனால் அது தொண்ணூற்றெட்டாக இல்லை. தலைகீழான தொண்ணூற்றெட்டு அச்சு அசலாக எண்பத்தாறாகத் தெரிந்தது.

அப்படியென்றால் ஜன்னலில் தலைகீழாக நின்ற மாமாவின் தொண்ணூற்றெட்டு?

எண்பத்தாறு.

“ஏய் வாலு” என்று இருட்டில் அக்காவின் குரல் வந்தது. இருவருக்கும் ஒரே கட்டில், ஒரே போர்வை, அதற்காக நாள்தோறும் ஒரு சண்டை. “என்னடி சிவப்பா மினுக்கிட்டிருக்கு? எவன்கிட்ட பேசிட்டிருக்க?”

“யார்கிட்டயும் இல்லக்கா. மெஷினு.”

“மெஷினோடயா? உன் மூஞ்சிக்கு அதுதான் கிடைக்கும். அணைச்சிட்டுப் படு.”

சின்னவள் அணைக்கவும் இல்லை, பதிலுக்குக் கிள்ளவும் இல்லை. கிள்ளு வராததுதான் அக்காவை முழுசாக எழுப்பியது. “என்னடி?”

“அக்கா… நான் ஒருத்தரைக் கொன்னுட்டேனோன்னு பயமா இருக்கு.”

அக்கா போர்வையை இழுத்து இருவர் தலைக்கும் மேலே போட்டாள். சின்ன வயதில் ரகசியம் பேசுவதற்கென்று கட்டிய கூடாரம் அது. “மெதுவாச் சொல்லு. அம்மாவுக்குப் பாம்புக் காது.”

சின்னவள் சொன்னாள். பாதி வார்த்தையை விழுங்கி, மீட்டரை அக்காவின் விரலில் மாட்டித் திருப்பித் திருப்பிக் காட்டிச் சொன்னாள்.

“நீ சரியாத்தான் பாத்திருப்ப” என்றாள் அக்கா. “தூக்கம் வராதப்ப எல்லாமே பூதமாத்தான் தெரியும்.”

“இல்லக்கா. வலப்பக்கம் இருந்துச்சு. என் கண்ணுலயே நிக்குது.”

“அவரு நல்லாத்தானே பேசினாரு? எண்பத்தாறு இருக்கற ஆளு ஜோக்கா அடிப்பாரு?”

“அடிப்பாங்களாம். அண்ணன் சொல்லியிருக்காரு. உள்ள குறையறது அவங்களுக்கே தெரியாதாம். பேசிட்டே இருப்பாங்களாம், அப்புறம் திடீர்னு…”

“காலையில முத வேலையா அண்ணன்கிட்ட சொல்லிடலாம்டி.”

“காலை வரைக்கும் இருப்பாராக்கா?”

கூடாரத்துக்குள் இருவரின் மூச்சும் சூடாக இருந்தது. அக்கா போர்வையை உதறினாள். “எழுந்திரு. அப்பாவை எழுப்பு.”

“எனக்கு பயமா இருக்குக்கா. தெருவே கைதட்டிச்சு. இப்பப் போய் தப்புன்னு சொன்னா, அம்மா ‘நான் அப்பவே சொன்னேன்’னு ஆரம்பிப்பாங்க. அப்பாவுக்குத்தான் அசிங்கம். அவருதானே போகட்டும்னு சொன்னது.”

“திட்டு வாங்கறதுல எனக்குத்தான் இந்த வீட்டுல அனுபவம் ஜாஸ்தி. நான் முன்னாடி நிக்கறேன், நீ என் முதுகுக்குப் பின்னால நின்னுக்கோ. நட.”

அப்பா வேன் ஓட்டிய அலுப்பில் கட்டையாகக் கிடந்தார். ஆனால் ‘எண்பத்தாறு’ என்ற ஒரு சொல் காதில் விழுந்ததும் விருட்டென்று எழுந்தார். அந்த எண்களோடு எத்தனையோ பேரைத் தன் முதுகுக்குப் பின்னால் ஏற்றிப் போனவர். சட்டையை மாட்டினார். அம்மாவும் எழுந்துவிட்டாள்.

“நான் அப்பவே—” என்று ஆரம்பித்தாள்.

சின்னவள் மீட்டரை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள். அம்மா அதைப் பார்த்தாள். ஆரம்பித்ததை முடிக்கவில்லை. ஆணியிலிருந்து புது முகக்கவசம் ஒன்றை எடுத்து, மகளின் முடியை ஒதுக்கி, காது இரண்டிலும் தானே மாட்டிவிட்டாள். “செருப்பைப் போட்டுட்டுப் போ. இருட்டுல கல்லு குத்தும்” என்றாள். பெரியவளிடம் திரும்பி, “மருந்துக்கடைக்காரருக்கு ஃபோனைப் போடு. எடுக்கற வரைக்கும் அடி” என்றாள்.

மாமாவின் அறையில் விளக்கு இல்லை. சின்னவள் ஜன்னல் கம்பியில் தட்டினாள். அப்பா கதவைத் தட்டினார், பிறகு இடித்தார். அந்தச் சத்தத்துக்கு எதிர்வீட்டு ஜன்னல்கூடத் திறந்தது. இந்த ஜன்னலுக்குள் எதுவும் அசையவில்லை.

“மாமா! மாமா, நான்தான்! தொண்ணூத்தெட்டு தப்பு மாமா! எழுந்திருங்க!”

அவளுக்கு அவளுடைய குரலே அடையாளம் தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே அழுத்தினாள். போகாதே, கிட்டே போகாதே என்று தினமும் படித்த பாடம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அப்பாதான் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

உள்ளே ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. விளக்கு எரிந்தது. மாமா கட்டிலில் இல்லை, ஜன்னலை ஒட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் தொடையில் ஊன்றி முன்னால் சாய்ந்திருந்தார்.

“டாக்டரம்மா…” என்றார். மூச்சு வாங்கியது. “பேய்கூட… இந்நேரம்… தூங்கப் போயிருக்கும்.”

“ஏன் மாமா படுக்கல?”

“படுத்தா… யாரோ நெஞ்சு மேல… ஏறி உக்காந்துக்கறான். யாருன்னு… தெரியல. நல்ல வெயிட்டு.”

“கையை நீட்டுங்க. பட்டனைத் தொட்டீங்கன்னா பாத்துக்கோங்க.”

நீட்டினார். விரல் சில்லென்று இருந்தது. சின்னவள் கண்ணாடியைக் கழற்றிப் பாவாடையில் அழுந்தத் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். இடப்பக்கம் பார்த்தாள். எண்பத்து நாலு. கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்தாள். எண்பத்து மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே தடுமாறிக்கொண்டிருந்தது. திரும்பி அப்பாவுக்குக் காட்டினாள்.

“கிளம்புங்க” என்றார் அப்பா. “வண்டி வாசல்லயே நிக்குது.”

“எங்க?”

“ஆஸ்பத்திரிக்கு. வேற எங்க, கல்யாணத்துக்கா?”

மாமா தலையை ஆட்டினார். இடமும் வலமுமாக, மெதுவாக, பிடிவாதமாக. “அங்க மட்டும்… வேண்டாம்.”

“என்ன பேச்சு பேசறீங்க? நம்பரைப் பாத்தீங்கல்ல?”

“உங்களுக்குத் தெரியாது டிரைவர் சார்.” அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையில் நின்று காற்றைத் தேடினார். “உச்சத்துல இருந்தப்ப… அந்த ஆஸ்பத்திரி லிஃப்டெல்லாம்… நான்தான் பாத்தேன். ராவும் பகலும் ஓடி ஓடி… நின்னு நின்னு போகும். கூப்பிடுவாங்க, போவேன். அதுல ஒரு லிஃப்டு… பின்னாடி இருக்கறது. நோயாளியோட மேல போகும். அப்புறம் வார்டுக்கு நிக்காம… நேரா அடித்தளத்துக்கு இறங்கும். அடித்தளத்துல என்ன இருக்குன்னு… சொல்லணுமா? மேல ஏத்திட்டுப் போனவங்களை… கீழ இறக்கறதை… நான் பாத்திருக்கேன். அந்தக் கயித்தை நான்தான் மாத்தினேன். எண்ணெய் விட்டேன். சத்தம் வராம ஓடணும்னு… சொன்னாங்க.” கண்ணைத் துடைக்கக் கை எழுந்து, பாதியிலேயே தொடைக்குத் திரும்பிவிட்டது. “அந்தப் பெட்டிக்குள்ள… நான் படுத்துட்டுப் போக மாட்டேன். இங்கயே… உக்காந்துக்கறேன். விடுங்க.”

சின்னவளுக்குத் தெரிந்த மாமா இவர் இல்லை. இத்தனை நாளும் ‘மேலயா கீழயா’ என்று அவர் கேட்டதற்கெல்லாம் அவள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். ஒவ்வொரு சாயங்காலமும் அவர் இதைத்தான் கேட்டிருக்கிறார். கம்பி வழியாகத் தெரிந்த அந்தக் கையை அவள் பிடித்துக்கொண்டாள். அப்பா பார்த்தார், இழுக்கவில்லை.

“மாமா, தப்பு பண்ணது நான். நான் ஒழுங்காப் பாத்திருந்தா சாயங்காலமே போயிருப்பீங்க. நீங்க வரலன்னா நானும் இங்கயே உக்காந்துப்பேன். உங்க மடியில இல்ல, இந்தத் திட்டுல.” அழுகையும் மிரட்டலும் ஒன்றாக வந்தன. “எங்கம்மா வந்து என்னை இழுப்பாங்க. எங்கம்மாவை உங்களுக்குத் தெரியாது. உங்களையும் சேத்து இழுப்பாங்க.”

“தப்பு நீ பண்ணல… பட்டனை அமுக்கினவன் நான்” என்றார் மாமா.

அப்பா ஜன்னல் திட்டில் சாய்ந்துகொண்டார். வண்டியில் ஏற மறுப்பவர்களை அவர் நிறையப் பார்த்தவர். அவசரப்பட்டால் நடக்காது என்று அவருக்குத் தெரியும். அவருடைய குரல் இறங்கிவிட்டது.

“நீங்க கடைசியா எப்ப அந்தப் பக்கம் போனீங்க?”

“எனக்குக் காய்ச்சல் வர்றதுக்கு… ரொம்ப முன்னாடி.”

“அதான். உங்களுக்கு விஷயம் தெரியல. நான் தினம் போறேன். மேல் மாடி எல்லாத்தையும் மூடிட்டாங்க. வராந்தாவுல, மாடிப்படிக்குக் கீழயெல்லாம் படுக்க வெச்சிருந்தாங்களே, அந்தக் கட்டில்லாம் இப்ப பின்னாடி அடுக்கிக் கிடக்கு, வெயில்ல காயுது. இந்த நோய்க்குன்னு இப்ப இருக்கறது ஒரே ஒரு வார்டுதான். தரைத்தளம். வேன் கதவைத் திறந்தா, ரெண்டு எட்டுல கட்டில். பக்கத்துல ஜன்னலு. ஜன்னலுக்கு வெளியில செடி.” கொஞ்சம் நிறுத்தினார். “அந்தப் பின்பக்க லிஃப்டுக்குப் பூட்டு போட்டுட்டாங்க. ஓட்ட ஆளும் இல்ல. ஏத்திட்டுப் போகவும் ஆளு இல்ல.”

“நிஜமாவா?”

“நான் உங்களுக்கு எதுக்குக் காதுல பூ சுத்தணும்? என் வேன்ல முன்ன நாள் பூரா ஆளு. இப்ப பாதி நாள் தூங்கறேன். என் பொண்டாட்டியையே கேளுங்க, குறட்டை தாங்கலன்னு புலம்பறா.”

மாமா நெடுநேரம் அவரையே பார்த்தார். லிஃப்ட் பார்க்கிறவரின் பார்வை அது. கயிறு தாங்குமா, தாங்காதா என்று இழுத்துப் பார்ப்பதுபோல. பிறகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்ததும் ஆடினார். கதவின் தாழ்ப்பாளைத் திறக்க அவருக்கு யுகம் ஆயிற்று. ஒவ்வொரு அசைவையும் சின்னவள் வெளியிலிருந்து தானே செய்வதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

அப்பா கையுறையோடு கைத்தாங்கலாகக் கூட்டிவந்து வேனில் ஏற்றினார். அதற்குள் மருந்துக்கடை அண்ணன், பொத்தானை மாற்றிப் போட்ட சட்டையோடு, ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஓடி வந்தார். சின்னவள் அவர் முகத்தையே பார்த்தாள். மாமாவுக்குக் குழாயை மாட்டி, திருகைத் திறந்துவிட்ட பிறகுதான் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“பட்டன் திரும்பும்னு நான் உங்க யாருக்கும் சொல்லித் தரல. எனக்கே தெரியாது” என்றார். “மத்தவங்க பாத்ததெல்லாம் சரியான்னு இப்பவே கேக்கணும்.” அந்த இடத்திலேயே நின்று ஃபோனை எடுத்துக் குழுவில் ஒவ்வொருவராக எழுப்பத் தொடங்கினார்.

வேன் கதவைச் சாத்தும்போது மாமா பிளாஸ்டிக் திரைக்குள்ளிருந்து கையை உயர்த்தினார். ஏதோ சொன்னார், மூக்குக் குழாயில் அது காணாமல் போயிற்று. முயல்குட்டிப் படம் தெருமுனையில் திரும்பி மறைந்தது. அதற்கு முன்பே தடுப்பைத் திறக்க ஓடியிருந்தார் எதிர்வீட்டு மனிதர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு.

வீட்டில் அம்மா, அக்கா, சின்னவள் மூன்று பேரும் சமையலறைத் தரையில் ஃபோனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். குளிர்காய்வதுபோல. சின்னவளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டிக் கொஞ்சம் தள்ளியே உட்காரவைத்திருந்தாள் அம்மா. அக்கா இரண்டு ஜோக் அடித்துப் பார்த்தாள், இரண்டும் ஈரப் பட்டாசு.

“நான் இனிமே போகலம்மா” என்றாள் சின்னவள். “எனக்கு வேண்டாம். வேற யாராவது பாக்கட்டும். நான் பாத்தா யாராவது செத்துடுவாங்க.”

போகாதே என்று எத்தனையோ நாள் சொன்னவள் அம்மாதான். காய் நறுக்க எடுத்த கத்தியை இப்போது கீழே வைத்தாள்.

ஃபோன் அடித்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

“சேத்துட்டாங்க” என்றார் அப்பா. பின்னால் யாரோ சக்கர நாற்காலி தள்ளும் சத்தம். “ஆக்சிஜன் நல்லா ஏறுது. தொண்ணூத்திரண்டு வந்துருச்சு. நான் ரெண்டு தரம் பாத்தேன், நேராத்தான் இருந்துச்சு. டாக்டர் சொன்னாரு, சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க, விடியற வரைக்கும் விட்டிருந்தா…” நிறுத்தினார். “சின்னவ இருக்காளா? அவகிட்ட சொல்லு, அவ எழுப்பினதாலதான்.”

சின்னவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அக்காவின் கை வந்து பின்கழுத்தைப் பிடித்தது. தள்ளி உட்கார வேண்டும் என்பதை அம்மாவும் மறந்துவிட்டாள்.

“அப்புறம் இன்னொண்ணு” என்றார் அப்பா, தொண்டையைச் செருமிக்கொண்டு. “இங்க கவுண்டர்ல, நோயாளிக்கு நீங்க என்ன உறவுன்னு கேட்டாங்க. உறவு இருந்தாத்தான் தினம் ஃபோன் பண்ணி நிலவரம் சொல்வாங்களாம். அவருக்கோ யாரும் இல்ல. நான் வந்து… மச்சான்னு சொல்லிட்டேன்.”

“என்னன்னு?”

“மச்சான். நம்ம புள்ளைங்க அவரை மாமான்னுதானே கூப்பிடுதுங்க? அப்ப எனக்கு மச்சான்தானே?”

அம்மா வாயில் கை வைத்தாள். “உங்களுக்கு மச்சான்னா, எனக்கு யாருன்னு யோசிச்சீங்களா? கூடப் பொறந்ததுன்னு எனக்கு ஒருத்தரும் இல்ல, என்னைக் கேக்காமலே ஆஸ்பத்திரி கவுண்டர்ல ஒண்ணைப் பெத்துக் குடுத்துட்டு வர்றீங்க?”

“உன்னைவிட வயசு கூட. அண்ணன்னு வெச்சுக்கோ. உன் நம்பரைத்தான் குடுத்திருக்கேன்.”

“நல்லா குடுத்தீங்க!” என்றாள் அம்மா. திட்டுவதுபோல ஆரம்பித்த குரல் நடுவில் உடைந்து வேறு எங்கோ போயிற்று. மூக்கை முந்தானையில் துடைத்தாள். “அவருக்கு உப்பு சேருமா, காரம் சேருமா, கேட்டுட்டு வாங்க. வெறுமனே வந்து நிக்காதீங்க.”

சின்னவள் எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. சமையலறைத் தரையிலேயே, அக்காவின் மடியில் தலை வைத்தபடி கண்ணை மூடியிருந்தாள். விழிப்பு வந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. எழ மனமில்லாமல் கிடந்தாள். பின்வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. அம்மாவும், சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மாவும்.

“ராத்திரி வேன் போச்சே, யாருக்கு? இன்னிக்குத் தடுப்பை எடுக்கறதா இருந்துச்சு. இப்ப எடுக்க மாட்டாங்களாமே? என் தையல் மெஷின் எத்தனை நாளைக்குத்தான் சும்மா கிடக்கும்?”

“எடுப்பாங்க. கொஞ்சம் தள்ளிப் போகுது, அவ்வளவுதான். தெருவையே மறுபடி ஒருதரம் பாத்துட்டு எடுக்கட்டும், அதுதான் நல்லது. சாயங்காலம் என் சின்னப் பொண்ணு மீட்டரோட வருவா. அலுத்துக்காம விரலை நீட்டுங்க. அவ கொஞ்சம் பயந்திருக்கா, இன்னிக்கு நானும் கூட வர்றேன்.”

“நீங்களா? புள்ளையை அனுப்ப மாட்டேன்னு அன்னிக்கு அந்தக் குதி குதிச்சீங்க?”

“குதிச்சேன், இப்ப வர்றேன்.”

“சரி, வேன்ல போனது யாருன்னு சொல்லவே இல்லையே?”

ஈரத்துணியை உதறுகிற சத்தம் கேட்டது.

“எங்கண்ணன்” என்றாள் அம்மா.

“உங்களுக்கு அண்ணன் இருக்காரா? இத்தனை வருஷமாப் பக்கத்துல இருக்கேன், ஒரு வார்த்தை சொன்னதில்லையே?”

“இருக்காரு” என்றாள் அம்மா, அடுத்த துணியை உதறியபடி. “உடம்பு தேறி வீட்டுக்கு வரட்டும். வந்ததும் கூட்டிட்டு வந்து காட்டறேன்.”